காரை வீடு

நுழையும்முன்

ஓர் ஊரின் வரலாற்றைக் கோவில்களிலும் கல்வெட்டுகளிலும் தேடுவது நம் வழக்கம். அவ்வூர் மக்கள் பிறந்தும் உண்டும் உறங்கியும் வாழ்ந்த வீடுகளும் அவ்வரலாற்றின் ஏடுகளே. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பட்ட பழைய குடும்ப வீடுகள் நம் கண்முன்னே ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. அவற்றின் கட்டுமானத்தையும், அவற்றுள் நிகழ்ந்த வாழ்க்கையையும், அவை இன்று நம்முன் வைக்கும் வினாக்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பேட்டையும் வீடும்

கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் சாலையில் அமைந்த பேரூர் மங்கலம்பேட்டை. வணிகம் நடைபெறும் குடியிருப்பைப் பேட்டை என்பது தமிழ் வழக்கு. நெல்லும் மணிலாக்கொட்டையும் விளையும் சிற்றூர்கள் சூழ்ந்த இத்தகைய பேட்டைகளில், ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் மூவகை வீடுகள் இருந்தன. மண்சுவர் எழுப்பிப் பனையோலையோ வைக்கோலோ வேய்ந்தது கூரை வீடு. மேலே நாட்டு ஓடு அடுக்கியது ஓட்டு வீடு. செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையால் இணைத்துத் தளமும் இட்டது காரை வீடு. அதன்மேல் மாடி எழுந்தால் அது மெத்தை வீடு எனப்பட்டது.

ஒருவர் ஈட்டிய பொருளும் அவருக்கு ஊரில் இருந்த இடமும் அவர் வீட்டுச் சுவரிலேயே எழுதப்பட்டிருந்தன எனலாம். ‘மெத்தை வீட்டுக்காரர்’ என்று சொன்னால் பெயரைச் சொல்லாமலே ஆளை அறிந்துகொள்ளும் நிலை அன்று இருந்தது. வீடு அடையாளமாக இருந்தமையால், அதனைக் கட்டுவதற்குக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்தன. சில வீடுகள் ஒரு தலைமுறையில் தொடங்கி அடுத்த தலைமுறையில் நிறைவுற்றன.

மண்ணிலிருந்து செங்கல்

தமிழருக்குச் செங்கல் புதியதன்று. வைகைக் கரையில் உள்ள கீழடி அகழாய்வில் ஓரடிக்கும் மிகுந்த நீளமுடைய பெரிய செங்கற்களால் ஆன கட்டுமானங்கள் வெளிப்பட்டன. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில், 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்விலும் செங்கல் கட்டடங்கள் கிடைத்தன. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் தோண்டியபோது, பழைமையான செங்கல் கோவில் ஒன்றின் அடித்தளம் கண்டறியப்பட்டது.

இவற்றுக்கெல்லாம் துணைச்சான்றாக அமைவது விழுப்புரம் மாவட்டம் மண்டகப்பட்டில் உள்ள முதலாம் மகேந்திரவர்மனின் கல்வெட்டு. கி.பி. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றி அக்குடைவரை அமைக்கப்பட்டதைப் பெருமிதத்துடன் கூறுகிறது. அவையின்றிக் கட்டியது ஒரு புதுமையாகக் கருதப்பட்டது என்றால், அதற்குமுன் கட்டடக்கலை அவற்றையே நம்பியிருந்தது என்பது தெளிவு. கோவில் கருங்கல்லுக்கு மாறிய பின்னரும் வீடு செங்கல்லை விடவில்லை.

செங்கல் செய்வதை ‘அறுத்தல்’ என்பர். களிமண்ணும் வண்டலும் தக்க அளவில் கலந்த மண்ணை நீரூற்றிப் புளிக்கவிட்டு, காலால் மிதித்துப் பதப்படுத்தி, மர அச்சில் இட்டு அறுப்பர். வெயிலில் காய்ந்த பச்சைக் கல்லை அடுக்கிச் சூளையிட்டுச் சுடுவர். மண்ணில் உள்ள இரும்புச்சத்து சூட்டில் காற்றுடன் வினைபுரிவதாலேயே கல் செந்நிறம் பெறுகிறது. பழைய வீடுகளின் சுவரில், இன்றைய கல்லினும் மெல்லியதான ‘சித்துக்கல்’ பயன்பட்டிருப்பதைக் காணலாம். கல் மெல்லியதாக இருந்தால் உள்வரை சீராக வேகும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே காரையும் மிகுதியாகச் சேரும்.

இங்கே ஓர் உண்மையையும் மறவாமல் சொல்ல வேண்டும். செங்கல் அறுத்தவர்களுள் பெரும்பாலோர் செங்கல் வீட்டில் வாழ்ந்ததில்லை. முன்பணம் பெற்றுக் குடும்பத்தோடு சூளையடியிலேயே தங்கி, கடன் தீராமல் ஆண்டுகள் கழித்தோர் பலர். 1976ஆம் ஆண்டில் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும் செங்கல் சூளைகளிலிருந்து தொழிலாளர் மீட்கப்பட்ட செய்திகள் நின்றபாடில்லை. ஒரு வீட்டின் வரலாற்றை எழுதுவோர் அதன் முதல் வரியை முற்றத்திலிருந்தன்று, சூளையிலிருந்தே தொடங்குதல் நேர்மையாகும்.

சுவரும் தளமும்

செங்கல் உடலென்றால் சுண்ணாம்பு உயிர். கடலூர், பரங்கிப்பேட்டைக் கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் கிளிஞ்சலையும், உள்நாட்டில் சுக்கான் கல்லையும் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தனர். ஏறத்தாழ 900 பாகை செல்சியசு வெப்பத்தில் சுடும்போது கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு எஞ்சுகிறது. அதில் நீர் ஊற்றினால் கொதித்து நீறுகிறது. நீற்றிய சுண்ணாம்பை நாள்பட ஊறவைத்து, மணல் சேர்த்து, வட்டமான கல் பள்ளத்தில் மாடு இழுக்கும் கல்லுருளையால் அரைத்துக் காரையாக்கினர். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லக் கரைசலும் அதனுடன் சேர்க்கப்பட்டன.

இக்காரை ஓரிரு நாளில் இறுகுவதன்று. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கி, பல ஆண்டுகளில் அது மீண்டும் சுண்ணாம்புக்கல்லாகவே மாறுகிறது. சூளையில் இழந்ததைச் சுவரில் திரும்பப் பெறுகிறது. கல்லில் தொடங்கிக் கல்லில் முடியும் இச்சுழற்சியே பழைய சுவர் காலம் செல்லச் செல்ல வலுப்பெறுவதன் காரணமாகும். நுண்துளைகள் உடைய காரை, மழையில் சுவருக்குள் புகுந்த ஈரத்தை வெயிலில் வெளியேற்றவும் செய்கிறது. ‘சுவர் மூச்சுவிடும்’ என்று கொத்தனார்கள் சொல்வது இதனையே.

தளம் இடுவது தனிக்கலை. ‘மெட்ராஸ் டெரஸ்’ எனக் கட்டடத் துறையினர் குறிப்பிடும் முறையில், சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரங்களை நிறுத்தி, அவற்றின்மேல் சிறு விட்டங்களை நெருக்கமாகப் பரப்புவர். மெல்லிய செங்கற்களைக் குத்துவாக்கில், மூலைவிட்டமாக, காரையில் தோய்த்து நெருக்கி அடுக்குவர். தாங்குபலகை ஏதுமின்றி ஒரு கல் மற்றொரு கல்லைப் பற்றி நிற்கும். அதன்மீது செங்கல் உடைசலும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பரப்பி, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டைகளால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவர். அவர்கள் கைகள் ஒரே தாளத்தில் எழுந்து விழ வேண்டும் என்பதால் வேலையோடு பாட்டும் கலந்தது. இறுதியில் தட்டோடுகள் பதித்து மேற்பூச்சுப் பூசப்படும். இரும்புக் கம்பி ஒன்றுகூட இல்லாத இத்தளங்கள் நூறு வடகிழக்குப் பருவமழைகளைத் தாங்கியுள்ளன.

திண்ணை முதல் கொல்லை வரை

தெருவுக்கும் வீட்டுக்கும் இடையே நிற்பது திண்ணை. வழிப்போக்கர் இளைப்பாறுவதும், கணக்கப்பிள்ளை ஓலையோ ஏடோ விரிப்பதும், பிள்ளைகள் எழுத்துக் கற்றதும் அங்கேதான். திண்ணைப் பள்ளிக்கூடம் என்னும் பெயரே இதற்குச் சான்று. தலைவாசல் நிலையைத் தாண்டியதும் குறுகிய நடை. அதனை ரேழி என்றும் அழைப்பர். வெயிலிலிருந்து வந்தவரின் கண்ணும் உடலும் நிழலுக்குப் பழகும் இடம் அது.

நடை முடியுமிடத்தில் வானம் திறக்கும். அதுவே முற்றம். நான்கு புறமும் தாழ்வாரம். தாழ்வாரத்தைத் தாங்க மரத்தூண்கள். பகலில் முற்றத்துக் காற்று சூடேறி மேலெழும்போது, தெருப்பக்கத்தும் கொல்லைப்பக்கத்தும் இருக்கும் நிழற்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. இரவில் குளிர்ந்த காற்று முற்றத்தில் இறங்கித் தங்குகிறது. ஒன்றரை அடிக்குக் குறையாத சுவர்கள் பகல் வெப்பத்தை உள்ளே விடாமல் நெடுநேரம் தாமதப்படுத்துகின்றன. மின்விசிறி இல்லாத காலத்தில் சித்திரை வெயிலைக் குடும்பங்கள் கடந்தது இவ்வமைப்பினால்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாற்புறக் கூரையும் முற்றத்தில் நீரைச் சொரிய, அண்டாக்களில் அது பிடிக்கப்பட்டது. எஞ்சியது தூம்பு வழியே தெருவை அடைந்தது.

முற்றத்தை அடுத்துக் கூடம். திருமணமும் வளைகாப்பும் அங்கே நிகழ்ந்தன. இறந்தவரைக் கிடத்தியதும் அங்கேதான். அதன் பக்கங்களில் நெல் வைக்கும் அறையும் படுக்கும் அறையும். பின்கட்டில் அடுக்களை, அதற்கப்பால் கிணறு, தொழுவம், கொல்லை. பரங்கிப்பேட்டையின் முஸ்லிம் வணிகர் வீடுகளிலும், காரைக்குடிப் பகுதியின் நகரத்தார் மாளிகைகளிலும் வழிபாடும் வழக்கமும் வேறாயினும், வெயிலுக்கும் மழைக்கும் அவர்கள் கண்ட விடை பெரிதும் ஒன்றுபோலவே இருந்தது. நகரத்தார் மாளிகைகளில் பர்மாத் தேக்கும் ஆத்தங்குடித் தரைக்கற்களும் முட்டை வெண்கரு கலந்த பளபளக்கும் பூச்சும் சேர்ந்தன.

தெரிந்து தெளிவோம்

வீட்டின் உறுப்புகளுக்கு நாம் வழங்கும் பெயர்களிலும் வரலாறு உறைந்துள்ளது. காற்று வரும் வழியாதலின் ‘காலதர்’. பல கண்களை உடையதாதலின் ‘பலகணி’. இன்று நாம் வழங்கும் ‘சன்னல்’ போர்த்துகீசியச் சொல். ‘சாவி’, ‘அலமாரி’, ‘மேசை’ ஆகியனவும் அம்மொழியிலிருந்து வந்தவையே.

நிலைப்படியின் இப்புறமும் அப்புறமும்

பழைய வீட்டைப் புகழ்வோர் பலர் திண்ணையின் விருந்தோம்பலைச் சொல்லுவர். அத்திண்ணை எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை என்பதைச் சொல்வோர் சிலரே. திண்ணையில் அமரத்தக்கவர், தெருவிலேயே நின்று பேச வேண்டியவர், கொல்லைப்புறம் வழியாக மட்டுமே வரவேண்டியவர் என்று சாதி மனிதரைப் பிரித்து நிறுத்தியது. அவ்வீட்டின் நெல்லை விளைவித்தவர் அதன் கூடத்தைக் கண்டதில்லை. நிலைப்படி மரத்தால் செய்யப்பட்டது. அதன் உயரத்தை நிர்ணயித்தது மரம் அன்று.

வீட்டுக்குள்ளும் பகுப்பு இருந்தது. முன்கட்டு ஆடவருக்கு, பின்கட்டு பெண்டிருக்கு. புகை சூழ்ந்த அடுக்களையில் பெண்கள் நாளின் பெரும்பகுதியைக் கழித்தனர். வீட்டை விளக்கேற்றிக் காத்தவர்கள் அவர்களே. எனினும் வீட்டின் பத்திரத்தில் அவர்கள் பெயர் அரிது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் சொத்தில் மகளுக்கும் பங்கு அளித்தது. ஆயினும் அச்சட்டத்தின் 23ஆம் பிரிவு, குடும்பத்தார் வாழும் வீட்டைப் பொறுத்தவரை, ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை மகள் தன் பங்கைப் பிரித்துத் தரக் கோர இயலாது என்றது. வயலில் பங்கு கேட்கலாம். பிறந்த வீட்டில் கேட்க இயலாது என்பதே அதன் பொருள். தமிழ்நாடு 1989ஆம் ஆண்டில் கொண்டுவந்த திருத்தம் மணமாகாத மகளிருக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை வழங்கியது. 2005ஆம் ஆண்டில் நாடு முழுமைக்கும் செய்யப்பட்ட திருத்தத்தில் அந்த 23ஆம் பிரிவே நீக்கப்பட்டது.

ஆகவே, ‘பாகப்பிரிவினையால் பழைய வீடுகள் அழிகின்றன’ என்று வருந்துவோர் சற்று நிதானிக்க வேண்டும். வீடு உடையாமல் இருந்த காலத்தில் அதன் விலையை உரிமையற்றோர் செலுத்தி வந்தனர். நியாயமான பங்கீட்டையும் வீட்டின் பாதுகாப்பையும் ஒருங்கே எவ்வாறு நிறைவேற்றுவது என்பதே இன்றைய தலைமுறைக்கு முன்னுள்ள உண்மையான வினா.

கீழே தமிழகம், மேலே பிரான்சு

செங்கல் வீடு ஒன்று எத்தனை வரலாற்றைத் தாங்கி நிற்க இயலும் என்பதற்கு, புதுச்சேரியில் ரங்கப்பிள்ளை வீதியில் உள்ள ஆனந்தரங்கர் மாளிகை எடுத்துக்காட்டு. 1709ஆம் ஆண்டில் பிறந்த ஆனந்தரங்கர், ஆளுநர் துய்ப்ளேயிடம் துபாசியாக விளங்கியவர். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு, பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவை அறிய உதவும் பெருங்கருவூலம்.

அவரது மாளிகை 1730களில் எழுந்தது. அதன் கீழ்த்தளம் தமிழ் மரபில் அமைந்தது: நடுவே முற்றம், சுற்றிலும் செதுக்கு வேலைப்பாடுடைய மரத்தூண்கள். மேல்தளமோ பிரெஞ்சுப் பாணியில், பருத்த காரைத் தூண்களோடு விளங்குகிறது. பகலில் கும்பினியாரின் வணிகமும் அரசியலும் பேசிய ஒருவர், தம் மொழியில் தமக்கென நாட்குறிப்பு எழுதிய இருநிலை வாழ்வை அவ்வீடே வடிவமாகக் காட்டி நிற்கிறது.

1761ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஆனந்தரங்கர் மறைந்தார். அதே திங்களில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. நகரம் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. கோட்டை இன்று இல்லை. வீடு நிற்கிறது. நாட்குறிப்பு 1846ஆம் ஆண்டளவில் கண்டெடுக்கப்பட்டு, பின்னர் ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. எழுதியவரும், எழுத்தும், எழுதியவர் வாழ்ந்த வீடும் ஒருங்கே நமக்கு எட்டுவது அரிதினும் அரிது.

பழுதும் பராமரிப்பும்

1824ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாந்து சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். 1904ஆம் ஆண்டில் சென்னையில் சிமெண்டு உற்பத்தி முயற்சி தொடங்கியது. விருத்தாசலத்துக்குத் தெற்கே, வெள்ளாற்றுக்கு அப்பாலுள்ள அரியலூர்ப் பகுதியின் சுண்ணாம்புக்கல் பின்னாளில் சிமெண்டு ஆலைகளுக்கு இரையாயிற்று. சிமெண்டு விரைந்து இறுகுவது. ஏழை எளியோருக்கும் உறுதியான வீட்டைச் சாத்தியமாக்கியது. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, கூரை வீடுகளில் வாழ்ந்தோர் பட்ட துயரை அறிந்தவர் எவரும் சிமெண்டு வீட்டைக் குறைகூற மாட்டார்.

தவறு சிமெண்டில் இல்லை. அதனைப் பொருந்தாத இடத்தில் பூசுவதில் உள்ளது. பழைய காரைச் சுவர் ஓரிடத்தில் உதிர்ந்தால், அதன்மேல் சிமெண்டைப் பூசி மூடுவது இன்று பெருவழக்கு. இறுகிய சிமெண்டுப் பூச்சு சுவரின் ஈரத்தை வெளியேற விடுவதில்லை. வழியடைபட்ட ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லைப் பொடியாக்குகிறது, உப்பு பூக்கிறது, சில ஆண்டுகளில் பூச்சும் கல்லும் சேர்ந்து பெயர்கின்றன. ‘எவ்வளவு செலவிட்டாலும் இவ்வீடு நிற்காது’ என்ற முடிவுக்குக் குடும்பத்தார் வருகின்றனர். வீட்டைக் காக்க விரும்பியவரின் கையாலேயே வீடு நலிவது எத்தகைய அவலம்! சுண்ணாம்பின் குணமறிந்த கொத்தனார்கள் அருகிவிட்டமையே இதன் மூலக்காரணம்.

புறக்கணிப்பின் விளைவையும் அண்மைக்காலம் காட்டியது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த மேரி கட்டடம் நெடுநாள் பழுதுற்றிருந்து, 2014ஆம் ஆண்டு நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பின்னர் அதே தோற்றத்தில் மீண்டும் கட்டப்பட்டு 2021ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. தோற்றத்தை மீட்கலாம், விழுந்த செங்கல்லின் வயதை மீட்க இயலாது.

நம்பிக்கை தரும் முயற்சிகளும் உள. புதுச்சேரி வைசியாள் வீதியில் தெருநோக்கிய திண்ணைகளும் தாழ்வாரங்களும் சீரமைக்கப்பட்டன; அப்பணி 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதினைப் பெற்றது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட தட்சிணசித்திரா, இடிபடவிருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொணர்ந்து மீண்டும் எழுப்பியது. அதன் வடிவமைப்பில் பங்கேற்ற லாரி பேக்கர், செங்கல்லைப் பூசி மறைக்காமல் அதன் அழகிலேயே வீடு கட்டலாம் என்று கேரளத்தில் வாழ்நாளெல்லாம் செய்து காட்டியவர்.

இந்தத் தலைமுறையின் பொறுப்பு

எல்லாப் பழைய வீடுகளையும் காத்துவிட இயலாது. மூன்று தலைமுறைக்குப்பின் இருபது பங்குதாரர்கள் ஆகிவிட்ட வீட்டை, அவர்களுள் சிலர் வெளிநாட்டில் இருக்க, எவர் செலவில் எவர் பராமரிப்பது? இவ்வினாவுக்கு ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே விடை காண வேண்டும். சிலர் ஒருவர் பங்கை மற்றவர் விலைகொடுத்து வாங்கி வீட்டைக் காக்கின்றனர். சிலர் வீட்டைப் பள்ளிக்கோ நூலகத்துக்கோ விடுதிக்கோ வாடகைக்கு அளித்து, அவ்வருவாயில் தளத்தைச் செப்பனிடுகின்றனர். வழியின்றி இடிப்போரும் உளர். அவர்களைக் குற்றம் சாட்டுதல் முறையன்று.

ஆயினும் இடிப்பதற்குமுன் செய்யத்தக்க செயல்கள் சில உண்டு. ஓர் அளவுநாடாவும் ஒரு குறிப்பேடும் போதும். அறைகளின் நீள அகலம், சுவரின் கனம், செங்கல்லின் அளவு, தூண்களின் எண்ணிக்கை ஆகியவற்றை அளந்து வரைபடம் ஆக்கலாம். எந்த அறை எதற்குப் பயன்பட்டது, எவர் எதுவரை வரலாம் என்றிருந்தது, தளம் தட்டியவர் எந்த ஊரினர் என்பவற்றை வீட்டின் மூத்த பெண்களிடமும், அவ்வீட்டில் உழைத்தவர்களிடமும் கேட்டு எழுதலாம். பத்திரத்தில் இடம்பெறாத பெயர்கள் அக்குறிப்பேட்டிலாவது இடம்பெறும்.

மங்கலம்பேட்டையிலும் அதனையொத்த பேட்டைகளிலும் இன்றும் நிற்கும் ஒவ்வொரு காரை வீட்டிலும் அறுத்தவரின் விரல், தட்டியவரின் தாளம், சமைத்தவரின் புகை ஆகிய மூன்றும் படிந்துள்ளன. இவற்றுள் எதனையும் கடப்பாரை வேறுபடுத்தி அறியாது. அறிய வேண்டியவர்கள் அவ்வீட்டின் பிள்ளைகளே. கடப்பாரை வருமுன் அவர்கள் அளவுநாடாவோடு முற்றத்தில் இறங்கட்டும்.